பதினோராவது ஈரத்துணி

சனிக்கிழமை, பிற்பகல் 12.38. பத்தாவது துண்டு சுஷியை விழுங்கிய கையோடு, நான்காம் இருக்கையில் இருந்த ஆனந்தராஜா தன் தொண்டையைப் பிடித்தார். உதடு தடித்தது. முகம் செங்கல் நிறமானது. கதிரையோடு பின்னால் சரிந்தார். பக்கத்தில் இருந்த மகள் தர்ஷனா கைப்பையை அப்படியே நிலத்தில் கொட்டி, ஒவ்வாமை ஊசியைத் தேடி எடுத்து, காற்சட்டைக்கு மேலாலேயே அவருடைய தொடையில் குத்தினாள். அந்த ஊசி இல்லையென்றால் இந்தக் கதை ஒரு சாவுவீட்டில் தொடங்கியிருக்கும்.

ஆனந்தராஜாவுக்கு இறால் ஆகாது. கடைக்குள் வந்ததும் அதைச் சிறு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்.

சிட்னி லிட்கம் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் அந்தக் கடையில் மேசைகள் கிடையாது. ஒரு நீண்ட மரப்பலகை, பத்துக் கதிரைகள், பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு சமையல்காரர். இன்னது வேண்டும் என்று நீங்கள் கேட்க முடியாது. அவர் பிடித்து வைப்பதைச் சாப்பிட வேண்டும். ஒமகாசே என்று இதற்குப் பெயர். நகரத்தின் நடுவில் முந்நூறு டொலர் வாங்கிக்கொண்டு இரண்டரை மணி நேரம் இருத்தி வைத்து, மீனின் பிறப்பு வளர்ப்பெல்லாம் சொல்வார்கள். இங்கே ஐம்பத்தொன்பது டொலர், பன்னிரண்டு துண்டு, நாற்பத்தைந்து நிமிடம். ஏழாம் துண்டுக்கு ஒரு வேடிக்கையும் உண்டு: காஸ் டோர்ச்சால் மீனைச் சுடுவார், பத்துப் பேரும் கைபேசியைத் தூக்கிப் படம் எடுப்பார்கள். நாற்பத்தாறாவது நிமிடத்தில் அடுத்த பத்துப் பேர் வாசலில் நின்று உங்கள் கதிரையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

12.46க்கு அம்புலன்ஸ் வந்தது. 12.52க்கு, நார்த்மீட்டில் வீட்டில் இருந்த கடை முதலாளி சஞ்சீவ், சமையல்காரர் சுஜீதனுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். 12.55க்குப் பொலிஸ் வந்தது. வரிசையைக் கவனியுங்கள். என்ன நடந்தது என்று பார்க்கப் பொலிஸ் வருவதற்கு மூன்று நிமிடம் முன்பே, யார் செய்தது என்று முதலாளி முடிவு செய்துவிட்டார்.

சுஜீதனுக்கு முப்பத்தாறு வயது. வவுனியாவில் இருந்து மாணவ விசாவில் வந்து, பாத்திரம் கழுவி, மீன் வெட்டப் பழகி, கடைசியில் இந்தப் பலகைக்குப் பின்னால் நின்றவர். அவருடைய விசா சஞ்சீவின் ஸ்பொன்சரில் தொங்கிக்கொண்டிருந்தது. நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க இன்னும் ஐந்து வாரம். முதலாளியின் கையெழுத்து இல்லாவிட்டால் அந்த விண்ணப்பம் வெறும் கடதாசி. ஆனந்தராஜா இறந்துபோனால் கடதாசிகூட மிஞ்சாது.

1.20. நகரசபையின் உணவுச் சுகாதார அதிகாரி மிருணாளினி உள்ளே வந்தாள். நாற்பத்தைந்து வயது. வார இறுதி வேலை அவளுடைய முறை. வரும்போதே கோபமாகத்தான் வந்தாள்; கார் நிறுத்த இடம் கிடைக்கவில்லை. உள்ளே நின்றவர்களைப் பார்த்ததும் அந்தக் கோபத்துக்கு நல்ல காரணங்கள் கிடைத்தன.

சுஜீதன் ஒரு மூலையில், கையைக் கட்டிக்கொண்டு, தண்டனை வாங்கிய பள்ளிப் பிள்ளையைப்போல நின்றார். கான்ஸ்டபிள் ஹாரிஸ் நான்காம் இருக்கைக்குப் பக்கத்தில் ஒருவரையும் விடாமல் காவல் நின்றார். பரிமாறும் கொரியப் பெண் ஹனா அழுது முடித்திருந்தாள். ஆனந்தராஜாவின் மருமகன் துஷாந்த், மனைவியை அம்புலன்ஸில் அனுப்பிவிட்டு, தான் கடையிலேயே நின்று வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தார். இடது கையில் பேனாவைப் பிடித்து, மை படாமல் மணிக்கட்டை வளைத்து, வேகவேகமாக எழுதினார்.

வீட்டில் இருந்து ஓடிவந்திருந்த சஞ்சீவ் அவளை வாசலிலேயே மறித்தார்.

"அக்கா, ஆளை வேலையாலை நிப்பாட்டிட்டன். கடையிலை பிழை இல்லை, ஆளிலைதான் பிழை எண்டு ரிப்போர்ட்டிலை போடுங்கோ. ரெண்டு மணி சிற்றிங் இன்னும் கான்சல் பண்ணேல்லை."

"நான் உங்களுக்கு அக்கா இல்லை," என்றாள் மிருணாளினி. "ரெண்டு மணிக்கு ஆக்கள் வந்தால் நீங்கள்தான் வாசலிலை நிண்டு மன்னிப்புக் கேக்க வேணும். தள்ளுங்கோ."

1.28. முதலில் சுஜீதன். அவரைக் குளிர்ப்பெட்டிப் பக்கம் கூட்டிப்போய், மற்றவர்களுக்குக் கேட்காமல் விசாரித்தாள்.

"இறால் எத்தினையாம் துண்டு?"

"ஆறாம் துண்டு, மேடம். இண்டைக்கு வைக்கேல்லை."

"அவருக்கு வைக்கேல்லையோ?"

"ஒருத்தருக்கும் வைக்கேல்லை. என்னட்டை இருக்கிறது ரெண்டு கை. ஒருத்தருக்கு ஆகாதெண்டால் பத்துப் பேருக்கும் இல்லை. எல்லாருக்கும் முட்டை வைச்சனான்."

"பொலிசுக்குச் சொன்னீங்களோ?"

"அவை அதைக் கேக்கேல்லை. இறால் வெட்டின கத்தி எது எண்டு கேட்டவை."

மிருணாளினி குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். அன்று காலை வந்த இறால் பெட்டி, ஒட்டிய நாடா கிழியாமல் அப்படியே இருந்தது. அரைமணி நேரமாகப் பொலிஸும், பிறகு வந்த முதலாளியும் நின்ற கடையில், ஒரு கதவைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளுக்குக் காது சூடானது.

தன் பெட்டியில் இருந்து சோதனைப் பட்டிகளை எடுத்தாள். கொரோனாக் காலத்தில் எல்லோரும் மூக்கில் குத்திப் பார்த்தது போன்றதுதான். ஒரு கோடு விழுந்தால் இறால் இல்லை. இரண்டு கோடு விழுந்தால் உண்டு. வெட்டும் பலகை, கத்தி, சுஜீதனின் கை, நான்காம் இருக்கையின் தட்டு என நாலு பட்டிகள். பத்து நிமிடம் காத்திருந்தாள்.

நாலிலும் ஒற்றைக் கோடு.

"டெஸ்ட் கிற் பழசா இருக்கும்," என்றார் சஞ்சீவ்.

"போன செவ்வாய் வந்தது," என்றாள் அவள்.

துஷாந்த் எழுந்தார். கண் சிவந்திருந்தது. "மேடம், என்ரை மாமா ஐசியூவிலை கிடக்கிறார். நீங்கள் இஞ்சை ஸ்ட்ரிப் வைச்சு விளையாடுறியள். வாழ்க்கையிலை முதல் தரம் இந்தக் கடைக்கு வந்தனாங்கள். எங்கடை ஆள் ஒருத்தன் செய்யிறான் எண்டு நம்பி வந்தது பிழை. மாமான்ரை மூக்குக் கண்ணாடி அதிலை கிடக்கு, அதையாவது எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போக விடுங்கோ."

"கண்ணாடியை இரண்டு தரம் கேட்டுவிட்டார்," என்று, துஷாந்தின் கை நீண்ட பக்கத்தைப் பார்த்து ஹாரிஸ் ஆங்கிலத்தில் சொன்னார். "எதையும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன்."

மிருணாளினி நான்காம் இருக்கைக்கு முன்னால் போய் நின்றாள். தட்டு. தேநீர்க் கோப்பை. கடதாசி உறைக்குள் இருந்து வெளியே எடுக்காத சாப்பாட்டுக் குச்சிகள். வலப்பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் சுருட்டிய வெள்ளை ஈரத்துணி. கண்ணாடியைக் காணவில்லை.

குச்சி உறைக்குள் இருக்கிறதென்றால் மனிதர் கையால் சாப்பிட்டிருக்கிறார். கையால் சாப்பிடுபவர் ஒவ்வொரு துண்டுக்கும் முன்பு விரலைத் துடைப்பார். எல்லோரும் அவருடைய வாய்க்குள் போனதையே விசாரித்தார்கள். அவருடைய விரல் எதைத் தொட்டது என்று ஒருவரும் விசாரிக்கவில்லை.

ஐந்தாவது பட்டியை ஈரத்துணியில் தேய்த்தாள்.

1.56. இரண்டு கோடு.

சஞ்சீவின் மூளை வேகமாக வேலை செய்தது. "அப்ப துணி. துணி ஹனான்ரை வேலை." அவர் ஹனாவின் பக்கம் திரும்பிவிட்டார். ஒரு தொழிலாளியின் தலையில் இருந்து இறங்கிய பழி, நிலத்தில் படாமல் அடுத்த தொழிலாளியின் தலைக்குப் போக நாலு விநாடி எடுத்தது.

"வாயை மூடுங்கோ," என்றாள் மிருணாளினி. அதைத் தமிழிலேயே சொன்னாள். ஆங்கிலத்தில் சொன்னால் முறைப்பாடு கொடுப்பார்.

ஹனாவுடன் ஆங்கிலத்தில் பேசினாள்.

"துணிகள் எங்கே இருந்து வரும்?"

"சலவைக்காரரிடம் இருந்து. ஒரு நேரத்துக்குப் பத்து. ஒன்று குறைந்தாலும் எங்களிடம் கேட்பார்கள். அதனால் முடிந்ததும் எண்ணி எழுதிவைப்பேன்."

"இன்றைக்கு எண்ணினாயா?"

"ஆள் விழுந்ததும் மற்ற இடங்களைத் துப்புரவாக்கினேன். அது பழக்கம். பிறகு எண்ணினேன். கூடையில் பத்து. அங்கே நான்காம் இருக்கையில் ஒன்று."

"பதினொன்று."

"ஆமாம். நான் பிழையாக எண்ணிவிட்டேன் என்று நினைத்தேன்."

"இதற்கு முன் எப்போதாவது குறைந்ததா?"

ஹனா சுவரில் தொங்கிய தாளைப் பார்த்தாள். "போன சனிக்கிழமை. இதே பன்னிரண்டு மணி வேளை. ஒன்பது."

போன சனிக்கிழமை ஒரு துணி வெளியே போயிருக்கிறது. இந்தச் சனிக்கிழமை அது திரும்பி வந்திருக்கிறது, இறால் தண்ணீரில் ஊறிக்கொண்டு. மீன் கடையில் இறால் மணத்தை யார் கண்டுபிடிப்பார்கள்?

2.03. மிருணாளினி வெளியே வந்து ஆஸ்பத்திரிக்குத் தொலைபேசி எடுத்தாள். தர்ஷனாவின் குரல் அழுதழுது அடைத்திருந்தது.

"அப்பாவுக்கு மூச்சு வந்திட்டுது. இன்னும் கண் முழிக்கேல்லை."

"தங்கச்சி, இந்தச் சாப்பாடு ஆற்றை யோசனை?"

"இவற்றை." கணவரைத்தான் அப்படிச் சொன்னாள். "புக் பண்ணினது நான். அப்பாவும் இவரும் ரெண்டு கிழமையா முகம் பாத்துக் கதைக்கிறேல்லை. சேந்து சாப்பிட்டால் சரிவரும் எண்டவர்."

"ஏன் கதைக்கிறேல்லை?"

"இவர் பில்டிங் சேர்ட்டிஃபையர். ஒரு அடுக்குமாடிக்கு நல்லா இருக்கெண்டு கையெழுத்துப் போட்டவர். அப்பா ரிட்டயர்ட் எஞ்சினியர். அப்பான்ரை சிநேகிதர் அங்கைதான் வீடு வாங்கினவர். அப்பா போய்க் கார் பார்க்கிலை தூண் வெடிச்சிருக்கிறதைப் பாத்திட்டார். திங்கட்கிழமைக்குள்ளை நீயாச் சொல்லு, இல்லாட்டி நான் எழுதிக் குடுப்பன் எண்டவர்."

"எந்தத் திங்கட்கிழமை?"

"நாளையிண்டைக்கு."

"நீங்கள் மூண்டு பேரும் எப்பிடி இருந்தனீங்கள்?"

"அப்பா நடுவிலை. நான்தான் அவருக்கு வலப்பக்கம் இருக்க வந்தனான், அஞ்சாம் கதிரை. மூண்டாவதிலை ஏசி காத்துத் தலையிலை அடிக்குது எண்டு இவர் மாத்திக் கேட்டு அஞ்சுக்குப் போனார்."

"அப்பான்ரை கண்ணாடி?"

"என்ரை கையிலைதான் இருக்கு. ஏன்?"

"பத்திரமா வைச்சிருங்கோ," என்று மிருணாளினி தொலைபேசியை வைத்தாள். தெருவில் ஒரு குடும்பம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு போனது. ஒரு கட்டடம் முழுக்க மனிதர்கள் வெடித்த தூணுக்கு மேலே நித்திரை கொள்கிறார்கள். அதை மறைக்க ஒருவர், மீன் வெட்டும் ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்துக் கை துடைத்திருக்கிறார். அவளுக்கு யாரையாவது அறைய வேண்டும்போல இருந்தது. அறையாமல் உள்ளே போனாள்.

காரணம் இருக்கிறது, இடமும் இருக்கிறது. ஆனால் நான் அந்தத் துணியைத் தொடவேயில்லை, முதல் தரம் வந்தவனுக்கு இந்தக் கடைத் துணி எப்படிக் கிடைக்கும் என்று துஷாந்த் கேட்டால்? போன சனிக்கிழமை அவர் இங்கே வந்ததற்குச் சாட்சி வேண்டும். கமெரா ஒன்று இருந்தது. அது பணப்பெட்டியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. முதலாளிக்கு எது உயிரோ அதைத்தானே கமெரா பார்க்கும்.

"தம்பி," என்றாள் சுஜீதனிடம். "போன சனி பன்னிரண்டு மணிக்கு வந்த ஆக்களை ஞாபகம் இருக்கோ?"

"இல்லை அக்கா. ஒரு நாளைக்கு அறுபது பேர். முகத்தைப் பாக்க நேரமில்லை. கையைத்தான் பாப்பன்."

"கையையோ?"

"துண்டை எந்தப் பக்கம் சரிச்சு வைக்கிறதெண்டு தெரிய வேணும். வலது கைக்காரருக்கு ஒரு பக்கம், இடது கைக்காரருக்கு மற்றப் பக்கம். எழுதி வைக்கிறனான்."

"எங்கை?"

"அந்தக் கொப்பி. பொலிஸ் படம் எடுத்தவை."

"அந்நிய மொழிக் கிறுக்கல்," என்றார் ஹாரிஸ் ஆங்கிலத்தில், கொப்பியைப் பார்த்து, குற்ற உணர்வு எதுவும் இல்லாமல்.

மிருணாளினி கொப்பியை விரித்தாள். ஒவ்வொரு நேரத்துக்கும் பத்துக் கட்டங்கள். கட்டத்துக்குள் 'வ' அல்லது 'இ'. வலது, இடது. இன்றைய பன்னிரண்டு மணிப் பக்கத்தில் ஐந்தாம் கட்டத்தில் 'இ' எழுதி, வெட்டி, பக்கத்தில் 'வ' என்று திருத்தியிருந்தது. பின்னால் புரட்டினாள். போன சனிக்கிழமை, பன்னிரண்டு மணி. ஒன்பதாம் கட்டம். 'இ' எழுதி, வெட்டி, 'வ'.

"ஏன் வெட்டியிருக்கு?"

"உள்ளை வரேக்கை எல்லாரும் பென்சிலாலை அட்டை எழுதுவினம். இடது கையாலை எழுதினால் நான் 'இ' எண்டு போடுவன். முதலாந் துண்டை அந்தப் பக்கம் சரிச்சு வைப்பன். வெள்ளைக்காரர், கொரியாக்காரர் எண்டால் அது சரி. எங்கடை ஆக்கள் எண்டால் வலது கையாலை எடுப்பினம். பிறகு வெட்டித் திருத்துவன்."

"அடிக்கடி வருமோ?"

"மாசத்திலை ஒண்டு ரெண்டு."

மிருணாளினி தன்னுடைய கையைப் பார்த்தாள். அவளும் இடது கையால்தான் எழுதுவாள். சாப்பாட்டுக்கு இடது கை போனபோதெல்லாம் அம்மா அகப்பைக் காம்பால் அடித்தாள். நாற்பது வருடம் கழித்து அந்த அடி ஓர் இடத்தில் உதவியது.

2.17. அவள் துஷாந்துக்கு முன்னால் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தாள். ஹாரிஸைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"போன சனி இஞ்சை ஒன்பதாம் கதிரையிலை இருந்தது நீங்கள்தானே?"

"முதல் தரம் வந்தனான் எண்டு எழுதிக் குடுத்திட்டன்."

"இடது கையாலை எழுதிக் குடுத்தீங்கள். பாத்தனான். ஆனால் வலது கையாலை சாப்பிட்டீங்கள். போன சனியும் ஒருத்தர் அப்பிடித்தான். ஹனா, போன சனி ஒன்பதாம் இருக்கைக்கு என்ன பெயர்?" கடைசிக் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டாள்.

ஹனா பதிவைப் பார்த்தாள். "டேவிட். தனி ஆள். கைபேசி இலக்கம் இருக்கிறது."

"இலக்கத்தை இவர் பாப்பார்," என்று ஹாரிஸைக் காட்டினாள். "நீங்கள் வந்து பாத்தீங்கள். ஆறாம் துண்டு இறால் எண்டு தெரிஞ்சுகொண்டீங்கள். ஏழாம் துண்டுக்குச் சமையல்காரர் காஸ் டோர்ச்சாலை நெருப்புப் பிடிப்பார், அப்ப எல்லாரும் போனைத் தூக்கிக்கொண்டு நெருப்பைத்தான் பாப்பினம் எண்டும் தெரிஞ்சுகொண்டீங்கள். ஒரு துணியையும் கொண்டு போனீங்கள். இண்டைக்கு மாமான்ரை வலப்பக்கம் வந்து இருந்தீங்கள். அவற்றை துணி உங்கடை இடது கைக்குப் பக்கத்திலை. இறால் முடிஞ்ச கையோடை நெருப்பு. நெருப்போடை துணி மாறும். மாமான்ரை பழைய துணி உங்கடை துணியோடை சேந்து கூடைக்குள்ளை போயிட்டுது, அதாலைதான் பதினொண்டு. மாமா விழுந்தால் எல்லாரும் இறாலைச் சொல்லுவினம், இறாலை வைச்ச ஆளைச் சொல்லுவினம். பிறகு துணியை எடுக்கத்தான் கண்ணாடி எண்டு கேட்டீங்கள்; கண்ணாடி உங்கடை மனுசியிட்டை இருக்கு. நல்ல திட்டம்தான்."

"கதை," என்றார் துஷாந்த். குரல் மட்டும் சரியாக வரவில்லை.

"ஹாரிஸ், இவருடைய ஜக்கெற்றின் இடது பாக்கெட்டைச் சோதியுங்கள். வலது வேண்டாம். ஒளித்து எடுக்கிற வேலையை இவர் எழுதுகிற கையால்தான் செய்திருப்பார்."

பாக்கெட் வெறுமை; அதன் உட்புறத்தில் தேய்த்த ஆறாவது பட்டி பலகையில் கிடந்தது. பத்து நிமிடம் காத்திருந்தார்கள். 2.31க்கு முதல் கோடு. கொஞ்சம் பொறுத்து இரண்டாவது.

"இது இறால் வைக்கிற கடை," என்று துஷாந்த் சட்டென்று சொன்னார். "சாப்பிடேக்கை பட்டிருக்கும். ஆறாம் துண்டிலை இறால் வந்ததுதானே. இவங்கள் வைச்சவங்கள்."

மிருணாளினி சுஜீதனைத் திரும்பிப் பார்த்தாள். "தம்பி, நீங்களே சொல்லுங்கோ."

"இண்டைக்கு ஆறாம் துண்டு முட்டை," என்றார் சுஜீதன். "உங்களுக்கும் முட்டைதான் வைச்சனான். நீங்கள் பாக்கேல்லை. அந்த நேரம் முழுக்க மாமான்ரை துணியைப் பாத்துக்கொண்டிருந்தீங்கள்."

தன் வாயில் போட்டது என்ன என்றே தெரியாமல் விழுங்கியிருக்கிறார் மனிதர். அவருடைய திட்டம் முழுவதும் சமையல்காரன் கவனமில்லாதவன் என்ற ஒரே நம்பிக்கையில் நின்றது. சமையல்காரர் கவனமாக இருந்துவிட்டார். மிருணாளினி அதை ஆங்கிலத்தில் சொன்னதும் ஹாரிஸ் எழுந்து துஷாந்தின் தோளில் கை வைத்தார்.

2.40. ஆஸ்பத்திரியில் இருந்து தர்ஷனாவின் செய்தி வந்தது. அப்பா கண் முழித்துவிட்டார். அவளுக்கு இனி யார் என்ன சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தபோது மிருணாளினிக்கு முதல்முறையாகக் கோபம் வரவில்லை. அதைவிட மோசமான ஒன்று வந்தது. ஆஸ்பத்திரிக்குத் தானே போவதாக முடிவு செய்தாள்.

துஷாந்தைக் கொண்டுபோன பிறகு சஞ்சீவ் சிரித்துக்கொண்டு பலகைக்குப் பின்னால் வந்தார். சுஜீதனின் முதுகில் தட்டினார்.

"சுஜீ, எனக்குத் தெரியும் நீ செய்திருக்க மாட்டாய் எண்டு. நாளைக்குப் பத்து மணிக்கு வா. எல்லாம் ஓகே."

சுஜீதன் கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"கோவம் வரேல்லையோ தம்பி?" என்று கேட்டாள் மிருணாளினி.

"கோவப்படுறதுக்கும் விசா வேணும் அக்கா," என்றார் அவர்.

கடையை மூடுவதா திறப்பதா என்று தீர்மானிக்கும் உத்தரவு இருந்த டாப்லெட்டை மிருணாளினி பலகையில் வைத்தாள். இன்னும் கையெழுத்துப் போடவில்லை. "நான் எழுத வேண்டியது இன்னும் கிடக்கு, சஞ்சீவ். இந்தக் கடையிலை உணவுக் கவனம் எப்பிடி எண்டு ஒரு கட்டம் இருக்கு. ஆற்றை கவனம் எண்டும் எழுதலாம். நான் அவசரப்படேல்லை."

சுஜீதன் துடைத்த கத்தியைப் பலகையில் நேராக வைத்தார். பிறகு தன் கைபேசியை எடுத்து, 12.52இன் செய்தியைத் திறந்து, முதலாளியின் முன்னால் நீட்டினார்.

"வாசியுங்கோ."

"என்ன சுஜீ, அது அந்த நேரத்து டென்ஷன்."

"சத்தமா வாசியுங்கோ. ஹனாவுக்கு விளங்க இங்கிலிஷிலையே வாசியுங்கோ. நீங்கள் இங்கிலிஷிலைதானே எழுதினீங்கள்."

சஞ்சீவ் மிருணாளினியைப் பார்த்தார். அவள் டாப்லெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாசித்தார். நாளையிலிருந்து வராதே. ஸ்பொன்சர் முடிந்தது. குடிவரவுக்கு இன்றே அறிவிக்கிறேன். மூன்று வசனம்.

"ரெண்டு வருஷத்திலை ஒரு நாள் லேட்டா வந்தனானோ?" என்று கேட்டார் சுஜீதன். "ஒருத்தருக்கு ஒரு நாள் வயித்துக்குத்து வந்ததோ? என்ன நடந்தது எண்டு ஒரு வார்த்தை கேட்டீங்களோ? ஆள் நிலத்திலை கிடக்க, அம்புலன்ஸ்காரர் பாக்கேக்கை நான் அவற்றை தலையைப் பிடிச்சுக்கொண்டிருந்தனான். அப்பதான் இது வந்தது. பாக்கெட்டுக்குள்ளை துடிச்சுது."

அவர் கைபேசித் திரையை விரலால் தட்டினார்.

"இப்ப அதுக்குக் கீழை எழுதுங்கோ. அஞ்சு கிழமையிலை கையெழுத்துப் போடுவன் எண்டு. திகதியும் போடுங்கோ."

சஞ்சீவ் தன் கைபேசியை எடுத்தார். கட்டைவிரல் இரண்டு தரம் பிழைத்தது. மூன்றாம் தரம் சரியாக எழுதி அனுப்பினார்.

2.52க்குச் சுஜீதனின் கையில் இருந்த கைபேசி துடித்தது. அவர் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு கையைக் கழுவப் போனார்.